எக்ஸ்பெடைட் (ஆங்கிலச் சொல்)

எக்ஸ்பெடைட் என்பது ஒரு வேலையைத் தாமதமின்றி நகரச் செய்தல் என்னும் பொருளுடைய ஆங்கில வினைச்சொல் ஆகும். தமிழில் 'விரைவுபடுத்து', 'துரிதப்படுத்து' என்று பெயர்க்கப்படுகிறது. இது தவறில்லை. ஆனால் இச்சொல்லின் வேரில் இருப்பது வேகம் அன்று, தடைநீக்கம்.

இதன் மூலம் 'எக்ஸ்பெடிரே' என்னும் இலத்தீன் வினைச்சொல். 'எக்ஸ்' என்றால் வெளியே. 'பெட்' என்பது பாதத்தைக் குறிக்கும் அடி. தளையிலோ கண்ணியிலோ சிக்கிய காலை விடுவித்தல் என்பதே முதற்பொருள். இதன் எதிர்ச்சொல்லான 'இம்பெடிரே' காலைப் பிணித்தலைக் குறிக்கும். தடுத்தல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'இம்பீட்' அதிலிருந்து வந்தது. திருமணத்தைக் 'கால்கட்டு' என்று கேலியாகச் சொல்லும் தமிழர்களுக்கு இந்த உருவகம் புதிதாக இராது.

உரோமானியப் படையின் மூட்டைமுடிச்சுகளுக்கு 'இம்பெடிமென்டா' என்று பெயர். அவற்றை விட்டுவிட்டு இலகுவாகப் புறப்படும் வீரர்கள் 'எக்ஸ்பெடிட்டி' எனப்பட்டனர். படையெடுப்பையும் பின்னர் ஆய்வுப் பயணத்தையும் குறித்த 'எக்ஸ்பெடிஷன்' இந்தச் சொற்குடும்பத்தைச் சேர்ந்ததே. முற்கால ஆங்கிலத்தில் அது விரைவையும் குறித்தது. ஷேக்ஸ்பியர் மாக்பெத் நாடகத்தில் அப்பொருளில் ஆண்டிருக்கிறார். எசுப்பானிய மொழியிலோ 'எக்ஸ்பெதியென்தே' என்றால் அலுவலகக் கோப்பு! கோப்புகள் நகரும் வேகத்தை அறிந்தவர்கள் சிரிக்கலாம்.

'ஆக்ஸிலரேட்' என்னும் சொல்லோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அது விரைவு என்னும் பொருளுடைய 'செலெர்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது; ஓடுவதை மேலும் வேகமாக ஓடச் செய்வது. எக்ஸ்பெடைட் செய்வது, வரிசையில் காத்து நிற்பதை விடுவிப்பது. மருந்துச் சோதனை விதிகளில் இதைக் காணலாம். சோதிக்கப்படும் மருந்தால், எதிர்பாராத வகையில், மரணமோ உயிராபத்தோ நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், பன்னாட்டு நெறிமுறைப்படி 7 நாட்களுக்குள் ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். எதிர்பாராத பிற கடும் விளைவுகளுக்கு 15 நாட்கள். இதற்கு 'எக்ஸ்பெடைட்டட்' அறிக்கை என்று பெயர். வழக்கமான காலமுறை அறிக்கைக்காகக் காத்திராமல் அது தனியே செல்கிறது. அதே மருந்தை உட்கொள்ளும் மற்றவர்களின் உயிர் இதைச் சார்ந்திருக்கலாம்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் விமானியிடம் இச்சொல்லைக் கூறினால், ஆபத்தான நிலை உருவாகுமுன் சுணங்காமல் ஏறவோ இறங்கவோ வேண்டும் என்று பொருள்.

மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் உறவுச்சொல் 'எக்ஸ்பீடியன்ட்'. இது விரைவானது அன்று. அறம் ஒருபுறம் இருக்க, அந்நேரத்துக்கு வசதியானது.