வாத்தியார் வீட்டுக் கஞ்சிரா

புதுக்கோட்டையில் குடியிருக்கும் ஒருவன் தனக்குத் தாளம் தெரியாது என்று வெளியில் சொல்லிக் கொள்ளக் கூடாது. சொன்னால், "இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துமா?" என்று கேட்டுவிடுவார்கள். இந்த ஊரில் தண்ணீர் எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

நாம் பகலில் கணக்கு வாத்தியார். இருபது வருஷத்துக்கு மேலாகப் பின்னமும் சமன்பாடும் போதித்து வருகிறோம். விடியற்காலையில் ஒரு மணி நேரமும் இரவில் அரை மணி நேரமும் கஞ்சிரா அப்பியாசம். இதனால் நமக்குக் காலணா வரும்படி கிடையாது. மேடை ஏறினதும் இல்லை. மார்கழி மாதத்து வீதி பஜனையில் ஒரு மூலையில் நிற்பதுதான் நம்முடைய சங்கீத உத்தியோகம். ஆயினும் காலையில் அந்தச் சிறு வாத்தியத்தைக் கையில் எடுக்காவிட்டால், சட்டையில் பொத்தான் போடாமல் பள்ளிக்கூடம் போனதுபோல் அன்று முழுதும் ஒரு குறை இருந்து கொண்டே இருக்கும்.

முதலில் தோலின் உட்புறத்தில் விரலால் நாலைந்து சொட்டுத் தண்ணீர் தடவ வேண்டும். காய்ந்த தோல் தகரம்போல் கிரீச்சென்று கத்தும். தண்ணீர் பட்டால் நாதம் கீழே இறங்கும். ஒரு சொட்டு அதிகமாகிவிட்டாலோ, தொப்பென்று விழுந்த பலாச்சுளைபோல் சத்தம் கேட்கும். அப்புறம் அது உலர்வதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். சுருதிக்குத் தம்பூரா வைத்துக் கொள்வதில்லை. தம்பூரா இப்போது கைபேசிக்குள் புகுந்து சட்டைப் பையில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் போதும். வீட்டு அம்மாள் சமையலறையிலிருந்தே, "கேட்டீர்களா, அடுத்த வீட்டுக் குழந்தை இப்போதுதான் தூங்கிற்று" என்பாள். உடனே கஞ்சிரா கீழே இறங்கும். தலையணை மேலே ஏறும். விரலுக்கு அப்பியாசம் தலையணையிலும் ஆகும். பஞ்சு கோபித்துக் கொள்வதில்லை.

இவ்வளவு வாத்தியங்கள் இருக்கக் கஞ்சிராவை ஏன் பிடித்தோம் என்று கேட்கலாம். இந்த ஊரில் பிறந்தவன் வேறெதைப் பிடிப்பான்? பஜனைக் கூடங்களில் கிடந்த இந்தச் சிறு வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தவர் 1922-ஆம் வருஷம் காலமான புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அரண்மனையில் விளக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்லுவார்கள். மாரியப்பத் தவில்காரரிடம் லயம் கற்று, தவிலின் விவகாரங்களையெல்லாம் ஒரு சாண் அகலத் தோலுக்குள் அடக்கிக் காட்டினார். அவருடைய சீடர் தக்ஷிணாமூர்த்தி பிள்ளையும் அரண்மனைக் காவலில் இருந்தவர்தான். பிற்பாடு மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் சிங்கமாக விளங்கி 1936-இல் மறைந்தார். இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவருடைய குமாரர்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. ஆக, ஒருவர் விளக்குப் பிடித்தார். ஒருவர் ஈட்டி பிடித்தார். நாம் சாக்குக் கட்டி பிடிக்கிறோம். ஒற்றுமை இதோடு முடிந்து போகிறது என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

புதுக்கோட்டை வழிக்குக் கணக்கு என்றால் உயிர். நம்மை இதில் இழுத்ததும் அதுதான். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தத்துக்கு அக்ஷரம் 8. அக்ஷரத்துக்கு நாலு மாத்திரை வீதம் 32 மாத்திரை. "ததிங்கிணதொம்" என்பது 5 மாத்திரை. அதை மூன்று தடவை சொல்லி, நடுவில் இரண்டு இடங்களிலும் இரண்டிரண்டு மாத்திரை மௌனம் விட்டால் 19 ஆகிறது. 32-இல் 19 போனால் 13. ஆகையால் 13 மாத்திரை சும்மா இருந்து 14-ஆவதில் எடுத்தால், மூன்றாவது "தொம்" முடியவும் சமத்தில் கை விழவும் சரியாய் இருக்கும். இந்தச் சமாசாரத்தை ஒரு நாள் எட்டாம் வகுப்பில் மேஜையைத் தட்டிக் காட்டினோம். கடைசி வரிசையில் வழக்கமாய்த் தூங்கும் பையன், "அப்போ நடுவிலே மூணு மூணு விட்டா, ஸார், பன்னிரண்டாவதிலே எடுக்கணும்" என்றான். கணக்குப் பரீக்ஷையில் அவனுக்கு 35-க்கு மேல் வந்ததில்லை! அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இம்மாதிரிக் கோர்வைகளைக் கட்டங்கள் போட்டு, வர்ணப் பென்ஸிலால் நிரப்பி வைக்கிறோம். ஐந்துக்குச் சிவப்பு, ஏழுக்குப் பச்சை. புத்தகத்தைப் பார்த்த வீட்டு அம்மாள், கோலத்துக்கு நல்ல மாதிரி என்று இரண்டு பக்கங்களை வாசலில் இறக்கிவிட்டாள். எந்த ரசிகரும் நமக்குக் கொடுக்காத கௌரவம் அது.

விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு குடுமியான்மலைக்குப் போவதுண்டு. பட்டணத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். மேலைக்கோயில் என்ற குடைவரைக்குப் பக்கத்தில், பாறையின் முகத்தில், சங்கீதத்தையே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். கிரந்த எழுத்து, ஸ்வரங்கள் நாலு நாலாகச் சேர்ந்து ஏழு பகுதிகளாய் நிற்கின்றன. இதை மகேந்திர பல்லவனுடைய வேலை என்றே அக்காலப் புஸ்தகங்கள் சொல்லி வந்தன. இப்போது ஆராய்ச்சிக்காரர்களில் பலர் ஒப்புக் கொள்வதில்லை. எழுதினவர் தம் பெயரைச் சொல்லவில்லை. ருத்ராசாரியாரின் சீடன், சிவபக்தன், ஓர் அரசன் என்ற மட்டில் நிறுத்திக் கொண்டு, சீடர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாகச் சொல்கிறார். ராஜ்ய காரியம், யுத்தம், வழக்கு இவற்றுக்கிடையே இவ்வளவு ஸ்வரங்களை யோசித்துப் பாறையில் வெட்டச் சொன்னவரும் ஓய்வு நேரச் சங்கீதக்காரர்தானே! நாம் இவ்வாறு சொன்னதும் ஒரு சிறுமி, "ராஜா தலையணையிலே வாசிச்சிருப்பாரா ஸார்?" என்று கேட்டாள். நம் வீட்டு ரகசியம் பள்ளிக்கூடம் வரையில் போயிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

இனி நம்முடைய துக்கத்தைச் சொல்ல வேண்டும்.

நம் தகப்பனார் வைத்திருந்த கஞ்சிரா சென்ற வருஷம் கோடையில் கிழிந்து போயிற்று. அது உடும்புத் தோல் போட்டது. மெல்லிய தோல், இடது கை விரலால் ஓரத்தை அழுத்தினால் கும்மென்று நாதம் வளைந்து மேலே போகும். பழைய கஞ்சிராக்களெல்லாம் அந்தத் தோல்தான். ஆனால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பைப் பிடிப்பதும் கொல்வதும் அதன் தோலை விற்பதும் வாங்குவதும் குற்றம். இது தெரியாதவர்களா இல்லை? கிழிந்த செய்தி பரவிய மூன்றாம் நாளே ஒருவர் வந்து, குரலைத் தாழ்த்தி, "வாத்தியாரையா, சரியென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அமாவாசைக்குள் தோல் வந்துவிடும்" என்றார். விலையும் அதிகமில்லை.

பொய் சொல்வானேன்? அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே ஓர் உடும்பு. வாத்தியமோ தகப்பனாருடையது. யாருக்குத் தெரியப் போகிறது? இப்படியெல்லாம் மனது கோர்வை போட்டுக் கொண்டே போயிற்று. ஆனால் எங்கே எடுத்தாலும் சமத்துக்கு வரவில்லை. அதே வாரத்தில்தான் வகுப்பில், முயல் வேட்டைக்குப் போய் வந்ததைப் பெருமையாய்ச் சொன்ன ஒரு பையனை எழுப்பி நிறுத்திப் பேசியிருந்தோம். அவன் தலையைக் குனிந்து கொண்டு நின்ற காட்சி ஞாபகத்துக்கு வந்தது. காலையில் அந்த மனிதரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவர், "உங்கள் இஷ்டம்" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஆட்டுத் தோலைப் போடுவது என்று தீர்மானமாயிற்று. செயற்கைத் தோல் போட்டதும் கடைகளில் விற்கிறார்கள்; தண்ணீர், வெயில் ஒன்றும் அதைப் பாதிக்காது என்கிறார்கள். தண்ணீர் தடவாத கஞ்சிராவை வைத்துக் கொண்டு காலையில் நாம் என்ன செய்வது? தகப்பனாருடைய கட்டையை அப்படியே வைத்துவிட்டுப் புதுக் கட்டை கடைய முனைந்தோம். வடகாடு, ஆலங்குடிப் பக்கம் பலா மரத்துக்குப் பஞ்சமில்லை. கடைசல் பட்டறைக்காரர் வட்டத்தைக் கடைந்து கொடுத்தார்; சலங்கைக்கு வேண்டிய துளையை நாமே உளியால் வெட்டினோம். இடது கட்டை விரலில் அதற்கு அத்தாட்சி இருக்கிறது. பறைக்குத் தோல் ஒட்டும் பெரியவர் ஒருவரிடம் போய்ப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சும் விதத்தைக் கற்றுக் கொண்டோம். முதல் தோல் சுருங்கிப் பிய்ந்தது. இரண்டாவது நன்றாய் ஒட்டிற்று. வாசித்தால் முறத்தைத் தட்டினதுபோல் இருந்தது. தோல் தடிப்பு என்று சொல்லி, மூன்றாவதைப் பெரியவரே பொறுக்கிக் கொடுத்தார். கூலி வாங்க மாட்டேன் என்றவர், தம் பேரனுக்கு வாய்ப்பாடு வரவில்லை, அதைக் கவனித்தால் போதும் என்றார். பேரன் இப்போது வாரத்தில் மூன்று மாலை நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறான். ஏழாம் வாய்ப்பாட்டைத் தாளம் போட்டுச் சொன்னால் தப்பாமல் சொல்கிறான்; தாளத்தை நிறுத்தினால் ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்கிறான்.

புதுக் கஞ்சிரா பழையதுபோல் பேசுகிறதா? இல்லை. விரல் சொற்கள் தெளிவாய் விழுகின்றன. அந்தக் கும்கி மாத்திரம் பாதி வழியில் நின்று விடுகிறது. தகப்பனார் கேட்டிருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். கட்டை மேல் கையை இன்னும் எவ்விடத்தில் வைத்து அழுத்துவது என்று தினந்தோறும் தேடிக் கொண்டிருக்கிறோம்.

சென்ற மார்கழியில் அதை முதல் தடவையாகப் பஜனைக்கு எடுத்துக் கொண்டு போனோம். இரண்டு வீதி தாண்டுவதற்குள் பனியில் தோல் தொய்ந்து, ஜாலராச் சத்தத்தில் நம் கஞ்சிரா இருக்கிற இடமே தெரியாமல் போயிற்று. அப்போது பெரியவருடைய பேரன் அதை நம் கையிலிருந்து வாங்கிக் கொண்டு ஓடினான். டீக்கடை அடுப்புக்கு எதிரே, தூரமும் கிட்டமும் இல்லாமல் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினான். பறையைக் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப வாசிங்க ஸார், அடுத்த தெருவுக்குள்ள மறுபடி காய்ச்சணும்" என்று சொல்லி நம் பின்னாலேயே நடந்து வந்தான்.