கல்லில் கண்ட குடியாட்சி

குடியாட்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது தேர்தல். அரிசுடாட்டிலின் 'அரசியல்' நூலோ, பதவிகளைக் குலுக்கலால் நிரப்புவதே குடியாட்சிக்குரியது, தேர்தல் சிலராட்சிக்குரியது என்கிறது. இக்கருத்தின் ஆழத்தை உணர நூற்கல்வி மட்டும் போதாது. ஏதென்சு நகரக் கல்லையும் வெண்கலத்தையும் உடன்வைத்துக் கற்க வேண்டும்.

அரிசுடாட்டிலோ அவர் மாணவரோ இயற்றிய 'ஏதென்சு அரசமைப்பு' நெடுங்காலம் சிதறல்களாகவே அறியப்பட்டிருந்தது. எகிப்திலிருந்து இலண்டன் வந்த பாப்பிரசுச் சுருள்களில் அது கிடைத்தது. 1891-இல் அறிஞர் கென்யன் அதனைப் பதிப்பித்தார். சுருளின் முன்புறத்தில் கி.பி. 78–79-ஆம் ஆண்டுப் பண்ணைக் கணக்கு. பின்புறத்தில் பேரறிஞர் வழிவந்த நூல்!

அந்நூலில் நீதிமன்ற நடுவரைத் தெரிவுசெய்யும் பகுதியில் 'கிளெரோடீரியான்' என்னும் சொல் வருகிறது. அறிஞர் பலர் அதனைக் குலுக்கல் நடக்கும் அறை என்றே கொண்டனர். ஏதென்சின் பழைய சந்தைவெளியான அகோராவில் 1931-இல் தொடங்கிய அகழாய்வு, வரிசை வரிசையாகப் பிளவுகள் வெட்டிய கற்பலகைத் துண்டுகளை வெளிக்கொணர்ந்தது. அவற்றை ஆராய்ந்த அறிஞர் சுடெர்லிங் டோ, அச்சொல் குறிப்பது அறையன்று, பொறி என்று நிறுவினார்.

அதன் இயக்கம் எளிது. நடுவராக விரும்புவோர் தம் பெயர் பொறித்த தகட்டைத் தருவர். தகடுகள் பிளவுகளில் செருகப்படும். பக்கத்துக் குழாய் வழியே கருப்பு, வெள்ளைக் காய்கள் ஒவ்வொன்றாய் விழும். வெள்ளை விழுந்தால் ஒரு கிடைவரிசையினர் அனைவரும் நடுவர். கருப்பு விழுந்தால் அனைவரும் வீடு திரும்புவர். இத்தெரிவு வழக்கு நாளன்றே நடக்கும். கையூட்டுத் தர எண்ணுபவன் யாரைத் தேடிப் போவான்?

வாக்களிப்பிலும் அதே விழிப்பு. ஒவ்வொரு நடுவர் கையிலும் இரு வெண்கல வட்டுகள். நடுவே சிறு அச்சு. ஒன்றன் அச்சில் துளை உண்டு, மற்றதில் இல்லை. துளையுள்ளது வழக்குத் தொடுத்தவருக்கு, இல்லாதது எதிராளிக்கு. அச்சின் இருமுனையையும் விரல்களால் மூடிப் பிடித்தால், எது எதுவெனப் பிறர் எவர்க்கும் தெரியாது.

பெண்டிரும் அடிமைகளும் இம்மன்றத்தில் அமர இயலாதது பெருங்குறையே. ஆயினும், ஆளுவோரின் நற்குணத்தை நம்பாமல் அமைப்பின் செம்மையை நம்பிய சிந்தனை இங்கே கல்லாய் நிற்கிறது. பண்டை அரசியல் மெய்யியலைக் கற்கும் மாணவர், நூலைத் திறக்குமுன் இப்பொறியின் படத்தையேனும் பார்க்க வேண்டும். அகோராவில் கிடைத்த வட்டுகளும் பொறியின் துண்டும் இன்று அங்கேயே, அட்டலசு மண்டப அருங்காட்சியகத்தில் உள்ளன.