எண்ணெய் இருந்தும் எரியும் தாங்கி

ஹைதராபாத் நகரில் மே மாத நண்பகல் வெப்பம் பல நாட்களில் 40 பாகை செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. அவ்வேளையில் நெருக்கடி மிகுந்த பஞ்சாரா ஹில்ஸ் ஏற்றத்தில், உயர்ந்த கியரிலேயே திணறி ஏறும் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்கள் உண்டு. அளவுக்கோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் சரியாகவே இருக்கும். எனினும், இத்தகைய ஓட்டம் தொடருமானால், இயந்திரத்தின் அடிப்பகுதியிலிருந்து கனத்த தட்டொலி ஒருநாள் எழக்கூடும். கலத்தில் எண்ணெய் இருப்பது வேறு. தாங்கியை அது அடைவது வேறு.

1955-இல் சென்னையில் தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தயாரித்த வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட புல்லட்டில், கனெக்டிங் ராடின் பெரிய முனை உருளைகள் மீது சுழல்வதில்லை. ராடுக்கும் கிராங்க் முளைக்கும் இடையே வெள்ளை உலோகம் பூசிய ஒரு புஷ் தளர்வாக மிதந்து சுழல்கிறது. வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட இவ்வுலோகக் கலவை ஏறத்தாழ 240 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். புஷ்ஷைக் காப்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள எண்ணெய்ப் படலம் மட்டுமே.

இப்படலம் சுமையைத் தாங்கும் விதம் தற்செயலாகவே வெளிப்பட்டது. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர், ரயில் வண்டி அச்சுத் தாங்கியில் பரிசோதனை செய்கையில், மேற்புறத் துளையின் வழியே எண்ணெய் பொங்கி வழிந்தது. தக்கையை வைத்து அடைத்தார். அது வெளியே தள்ளப்பட்டது. மர முளையை அடித்தார், அதுவும் நிற்கவில்லை. சதுர அங்குலத்திற்கு 200 ராத்தல் வரை காட்டும் அளவியைப் பொருத்தியபோது முள் எல்லையையே கடந்தது. தாங்கியின் சராசரிச் சுமையோ 100 ராத்தல்தான். சுழலும் அச்சு தானே எண்ணெயை ஆப்புப்போல் இடுக்கினுள் இழுத்து அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணித முறையில் விளக்கினார். மழை நீர் தேங்கிய சாலையில் வேகமாகச் செல்லும் காரின் டயர் தரையை விட்டு மிதப்பதும் இதனாலேயே. மாணவர்களுக்கு விளக்க இது நல்ல உதாரணம்.

ஆகவே வேகம் குறைந்தாலும், எண்ணெய் நீர்த்தாலும், சுமை மிகுந்தாலும் படலம் மெலிகிறது. வெயிலில் உயர்ந்த கியரில் ஏறுகையில் இம்மூன்றும் ஒருங்கே நேர்கின்றன. மெதுவாக ஓட்டினால் இயந்திரம் பிழைக்கும் என்ற நம்பிக்கை இங்கே பொய்க்கிறது. கீழ் கியருக்கு மாற்றி இயந்திரத்தைச் சற்று வேகமாகச் சுழலவிடுவதே நலம்.

எண்ணெய் செல்லும் பாதையில்தான் பிற தொல்லைகள் உள்ளன. பம்பிலிருந்து வடிகட்டியைக் கடந்து வரும் எண்ணெய், டைமிங் மூடியிலுள்ள சிறு தக்கை வளையத்தின் வழியே கிராங்கின் முனைக்குள் புகுகிறது. வளையம் நைந்துவிட்டால் எண்ணெய் அங்கேயே கசிந்து, புஷ் வறண்டுபோகும். சில ரூபாய் பொறுமான இத்தக்கையை மாற்றச் சோம்பி, கிராங்க் முழுவதையும் பிரிக்க நேர்ந்தவர்கள் பலர்.

பல நாட்கள் நின்ற வண்டியில் எண்ணெய் பம்பைக் கடந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடுவதுண்டு. அப்போது அளவுக்கோல் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால், மிகுதி எண்ணெய் மூச்சுக் குழாய் வழியே கொட்டும். சில நிமிடங்கள் இயக்கிய பின்னரே அளவு பார்க்க வேண்டும்.

பழுது பார்த்த வண்டியை முதன்முதலாகக் கிளப்பும் வேளையே அதிக ஆபத்தானது. பம்பிலும் குழாய்களிலும் காற்று அடைபட்டிருந்தால் எண்ணெய் நகராது. எனவே வடிகட்டி அறையை எண்ணெயால் நிரப்பி மூடவேண்டும். டைமிங் மூடியில் பம்புக்கும் கிராங்குக்கும் இடையிலுள்ள திருகைத் தளர்த்தி, இக்னிஷனை நிறுத்திய நிலையில், கிக்கரை மீண்டும் மீண்டும் மெதுவாக மிதிக்கவேண்டும். திருகினருகே எண்ணெய் துடித்துத் துடித்துக் கசிவதைக் கண்ணால் கண்ட பின்னரே திருகை இறுக்கி, இயந்திரத்தைக் கிளப்பலாம்.