உங்களுக்குத் தெரியுமா? கட்டத்துக்குள் ஒரு விஞ்ஞானி

● "தோட்டத்து அதிகாரிக்குப் பின்னால் ஓர் அரசன், களிமண்ணின் கணக்கு அத்துபடியான வடமராட்சிப் பேராசிரியர் (4)." குறுக்கெழுத்தில் இப்படியொரு குறிப்பு வந்தால் என்ன எழுதுவீர்கள்? பேராசிரியர் என்றதும் கரவெட்டியில் பலருக்கு வாயில் வருவது சிவத்தம்பிதான். ஆனால் அந்தப் பெயருக்கு ஆறு கட்டம் வேண்டும். களிமண்ணும் அவர் துறையல்ல. மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து அதிகாரியை எப்படி அழைப்பார்கள்? துரை. அரசன், ராஜா. விடை: துரைராஜா.

● பேராசிரியர் அழகையா துரைராஜா, கரவெட்டிப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்ட இமையாணனைச் சேர்ந்தவர்; ஹாட்லிக் கல்லூரி மாணவர். கேம்பிரிட்ஜில் கயோலின் களிமண்ணையும் மணலையும் அழுத்தியும் சறுக்கவிட்டும் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் வெளியிட்ட கட்டுரையில், பாரம் ஏறும்போது ஈரக் களிமண் எந்தக் கட்டத்தில் நெகிழத் தொடங்கும் என்பதைக் கணக்கில் கொண்டுவந்தார். மண் சறுக்குவதும் சுருங்குவதும் அங்கே ஒரே சமன்பாட்டுக்குள் வந்தன. கேம்பிரிட்ஜில் ஓடும் கேம் ஆற்றின் பெயரால் 'கேம் கிளே' என்று பின்னர் பெயர் பெற்றது அந்தக் கோட்பாடு. அணை, சுரங்கப்பாதை, அத்திவாரம் கணிக்கும் மென்பொருள்களில் அதன் வழிவந்த கணக்குகள் இன்றும் ஓடுகின்றன. போர் நடந்த 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரும் இவரே. வெளிநாட்டுப் பொறியியல் மாணவர்கள் படிக்கும் பெயர் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாமல் இருப்பது மனதை உறுத்துகிறது.

● உலகின் முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயோர்க் வேர்ல்ட்' நாளேட்டில் வந்தது. ஆக்கியவர் ஆர்தர் வின். வடிவம், வைரம்.

● தமிழ்க் கட்டங்களில் உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் தனியாக ஒரு கட்டம். பலர் தடுமாறுவது இந்தப் புள்ளியில்தான்.

● "தலையில் பிறை சூடியவர் விண்மீனுக்கு எல்லை போட்டார் (7)." சந்திரசேகர். வெண்குறு விண்மீன் ஒன்று சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையைத் தாங்காது என்ற கணக்கை, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே போடத் தொடங்கினார். அப்போது வயது 19. நோபல் பரிசு வந்தது 1983இல். அவருடைய சித்தப்பா 1930இலேயே அதைப் பெற்றுவிட்டார். சித்தப்பாவுக்கும் ஒரு குறிப்பு: "வனவாசம் போனவர் பெயர், ஒளி சிதறுவதில் புதுமை கண்டவர்." அடைப்புக்குறிக்குள் 3 என்றிருந்தால் அப்படியே எழுதுங்கள், 4 என்றிருந்தால் முன்னால் ஓர் 'இ' சேர்த்துக்கொள்ளுங்கள்.