எக்ஸ்ரேக்கு டிமிக்கி கொடுக்கும் முடக்குவாதம்!
ஸ்கேனில் முன்கூட்டியே பிடிபடுகிறது

"எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஏன் வலிக்குது?"

விரல் வீங்கி, காலையில் காபி டம்ளரைக்கூட பிடிக்க முடியாமல் தவிக்கும் பலர் கேட்கும் கேள்வி இது. எலும்பு நன்றாக இருக்கிறது என்ற நிம்மதியில் தைலத்தைத் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

ஆபத்து அங்கேதான்!

சரவாங்கி என்று பெரியவர்கள் சொல்லும் முடக்குவாதம், முதலில் எலும்பைத் தொடுவதில்லை. மூட்டின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. எலும்பை அரிப்பது அதற்குப் பிறகுதான். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். சவ்வு வீக்கத்தை நேராகக் காட்டாது. அரித்த எலும்பு பழையபடி ஆவதோ அபூர்வம்.

ஆண்களைவிட பெண்களை இந்த நோய் 2, 3 மடங்கு அதிகம் பிடிக்கிறது.

விரலுக்கும் ஸ்கேன்

கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். விரல் மூட்டில் ஜெல்லி தடவி கருவியை வைத்தால் சவ்வு வீக்கம் தெரிந்துவிடும். 'டாப்ளர்' முறையில் பார்த்தால், ரத்தம் அதிகமாகப் பாயும் இடம் வண்ணப் புள்ளிகளாக மின்னும். நோய் அங்கே வேலை செய்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ரே கதிர் கிடையாது.

எம்.ஆர்.ஐ. இன்னும் ஒரு படி மேலே. எலும்புக்குள் நீர் கோத்திருப்பதையும் அது காட்டிவிடும். அரிப்பு வரப்போகிறது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை. ஆனால் செலவு அதிகம். எல்லோருக்கும் தேவைப்படாது.

1987-ல் அமெரிக்க டாக்டர்கள் வகுத்த 7 அடையாளங்களில் எக்ஸ்ரே மாற்றமும் ஒன்று. 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய டாக்டர்கள் சேர்ந்து விதியை மாற்றினார்கள். எலும்பு அரிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மூட்டு வீக்கத்தை ஸ்கேன் மூலமும் உறுதி செய்துகொள்ளலாம் என்றார்கள்.

அதற்காக ஸ்கேன் சென்டருக்கு நேராக ஓடவேண்டாம்! நல்ல உடம்புக்காரர்களுக்கும், அதுவும் வயதானவர்களுக்கு, எம்.ஆர்.ஐ.யில் லேசான வீக்கம் தெரிவதுண்டு. டாக்டர் மூட்டை அமுக்கிப் பார்ப்பதும், ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தால்தான் முடிவு.

காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா? இரண்டு கையிலும் வீக்கமா? சில வாரமாகியும் போகவில்லையா? முடக்குவாத நிபுணரிடம் போகவேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.