வீடியோ பார்த்தாச்சு, செய்து பார்த்தாச்சா? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் பற்றிக் கொஞ்சம்

மந்தைவெளியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். அக்கா பொண்ணு நாலாம் வகுப்பு. ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து, "இதைத் தண்ணியில போட்டா மிதக்குமா, மூழ்குமா?" என்று கேட்டேன். "மிதக்கும் சித்தி, வீடியோ பார்த்திருக்கேன்" என்றாள், டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "சரி, தோலை உரிச்சிட்டுப் போட்டா?" கொஞ்சம் யோசித்தாள். "வெயிட் குறையுதே, இன்னும் நல்லா மிதக்கும்."

பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, உரித்த பழத்தைப் போட்டோம். மூழ்கிவிட்டது. அவள் டேப்லெட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். மறுபடி எடுத்தாள், மறுபடி போட்டாள். அடுத்த அரை மணி நேரம் வீட்டில் இருந்த எலுமிச்சை, தக்காளி, வெங்காயம் எல்லாம் பக்கெட்டுக்குள்தான். அக்காவுக்கு என் மேல் நல்ல கோபம்.

ஆரஞ்சுத் தோலின் உள்பக்கம் பஞ்சு மாதிரி இருக்கும். அதில் நிறைய காற்று இடைவெளிகள். தோலோடு இருக்கும்போது அந்தக் காற்று பழத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. உரித்தால் எடை குறைகிறதுதான், ஆனால் அதைவிட அதிகமாக மிதக்க வைக்கும் காற்று போய்விடுகிறது. இந்த விளக்கம் இணையத்தில் ஆயிரம் இடத்தில் கிடைக்கும். ஆனால் அந்தப் பொண்ணு எழுந்து வந்தது விளக்கத்தைக் கேட்டு அல்ல, தான் சொன்னது தப்பாகிப் போனதைக் கண்ணால் பார்த்ததால்.

செல்போனில் இந்த இதழைப் படிக்கும் பெற்றோரிடம் இந்தக் கதையை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் முன்னெப்போதையும்விட அதிகமாக அறிவியலைப் பார்க்கிறார்கள். செய்வது குறைவு.

சட்டமே சொல்கிறது

செய்முறை என்பது பணம் கட்டிச் சேரும் தனி வகுப்பு என்றோ, பெரிய பள்ளிகளில் மட்டும் கிடைக்கும் வசதி என்றோ பலர் நினைக்கிறார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் (2009-ம் ஆண்டுச் சட்டம்), பிரிவு 29-ல் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. தொடக்கக் கல்வியின் பாடத்திட்டம் செயல்பாடுகள், கண்டறிதல், ஆராய்தல் வழியாகக் கற்பதாக, குழந்தைக்கு இணக்கமாக இருக்க வேண்டும். குழந்தை பயமில்லாமல் தன் கருத்தைச் சொல்ல வழி இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான். ஆக, மூணாம் வகுப்புப் பிள்ளை வகுப்பில் விதையை ஊற வைத்துப் பார்ப்பது டீச்சர் மனசு வைத்தால் நடக்கிற சமாச்சாரம் இல்லை.

நான் படித்த காலத்தில் (ரொம்பப் பழைய காலம் இல்லைங்க) விதை முளைப்பதைப் பென்சிலால் வரைந்து, பாகங்களைக் குறித்து, பத்து மதிப்பெண் வாங்கினேன். விதையைத் தொட்டதாக ஞாபகம் இல்லை.

அடையாறும் மாநகராட்சிப் பள்ளிகளும்

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1939 நவம்பரில், குழந்தைகள் கையால் தொட்டுக் கற்கும் முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, தியாசபிக்கல் சொசைட்டியின் அழைப்பில் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். கொஞ்ச மாதம் இருந்துவிட்டுப் போவதாகத்தான் திட்டம். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டுக்காரர் என்று பிரிட்டிஷ் அரசு அவர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. மகன் மரியோவைக் காவலில் வைத்து, பிறகு விடுவித்தது. 1946 வரை அவர் இந்தியாவில்தான் இருந்தார். இதில் சில வருடங்கள் கொடைக்கானலில். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செடி, மண், விண்வெளி எல்லாவற்றையும் ஒரே கதையாகக் கோத்துச் சொல்லும் அவருடைய கல்விமுறை அங்கே வளர்ந்ததுதான். தொடக்கப் பள்ளி அறிவியல் பற்றி உலகம் இன்றும் பேசுகிற ஒரு யோசனைக்கு நம்ம கொடைக்கானல் மலைச் சரிவுச் செடிகொடிகளும் காரணம் என்பது எனக்கே இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது.

ஆனால் அந்த முறை பல ஆண்டுகள் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிட்டது. 2003-ல்தான் ஒரு மாற்றம். அப்போது சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ்., 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளி கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் முன்மாதிரி. பெஞ்சு போய் பாய் வந்தது. டீச்சரும் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவர் முழுக்கக் கரும்பலகை. காலையில் வந்ததும் பிள்ளையே தன் வருகையைப் பதிய வேண்டும், பிறகு வானத்தைப் பார்த்து அன்றைய காலநிலையை அட்டவணையில் குறிக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை தினமும் வானத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். வானிலை ஆய்வு மையத்தில் நடக்கும் வேலையின் முதல் படியும் அதுதான். 2007-08 கல்வியாண்டில் இந்த முறை மாநிலம் முழுக்கப் போனது.

பெற்றோர் அத்தனை பேரும் கொண்டாடினார்கள் என்று எழுத முடியாது. "வீட்டுப்பாடம் இல்லை, நோட்டில் எழுத்து இல்லை, என்னதான் சொல்லிக் கொடுக்கிறாங்க?" என்ற கேள்வி வாசலில் நின்றுகொண்டே இருந்தது. சில வகுப்புகளில் அட்டையை முடிப்பதே வேலையாகி, செய்து பார்ப்பது பின்னால் போனதும் உண்மை. அட்டையானாலும் ஆப் ஆனாலும் இந்த ஆபத்து உண்டு. பொருள் பிள்ளையின் கையில் இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு பாடப்புத்தகம்தான்.

இன்றைய நிலை

2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், கொரோனா காலத்தில் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் 1 முதல் 3 வரையான வகுப்புகளில் பாட்டு, பொம்மை, விளையாட்டு வழியாக மீட்கத் தொடங்கி, அடுத்த ஆண்டு 4, 5-க்கும் விரிந்தது. அதே 2022 நவம்பரில் வந்த வானவில் மன்றம், அறிவியல், கணிதச் சோதனைப் பொருட்களோடு கருத்தாளர்களை 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. ஒன்றைக் கவனிங்க: வானவில் மன்றம் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு. அதற்கு முந்தைய ஐந்து வருடமும் வகுப்பு ஆசிரியரையும் வீட்டையும் நம்பித்தான் இருக்கிறது.

பாடநூல்களில் இருக்கும் கியூ.ஆர். குறியீட்டைத் தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான காணொளி வரும். நல்ல வசதி. ஒரே ஒரு வேண்டுகோள்: முதலில் செய்யச் சொல்லுங்க, வீடியோவை அப்புறம் காட்டுங்க. விடை தெரிந்த பிறகு பக்கெட்டில் ஆரஞ்சைப் போட எந்தப் பிள்ளைக்கும் ஆர்வம் இருக்காது.

தி.நகர் மண்ணும் பெசன்ட் நகர் மண்ணும்

நம்ம ஏரியாவுக்கே உரிய ஒரு சோதனை. பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் மண் எடுங்க. தி.நகர் அல்லது மேற்கு மாம்பலத்தில் வீட்டு வேலைக்குப் பள்ளம் தோண்டும் இடம் இருந்தால் அங்கே ஒரு பிடி. (மேலே கொட்டிய கட்டிட மணல் வேண்டாம், அடிமண்.) இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் குறுக்கே வெட்டி (வெட்டுவது பெரியவர் வேலை), மேல் பாதியைத் தலைகீழாக வைத்து, வாயில் துணி கட்டி, இரண்டிலும் ஒரே அளவு மண் போடுங்க. இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். போனில் ஸ்டாப்வாட்ச்.

ஊற்றும் முன் "எதில் முதலில் தண்ணீர் கீழே வரும்?" என்று கேட்டு, சொன்னதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்க. மணலில் சடசடவென்று இறங்கிவிடும். களிமண்ணில் தண்ணீர் மேலேயே நிற்கும், பொறுமை வேண்டும். களிமண் துகள்கள் மிக நுண்ணியவை, நடுவில் இருக்கும் வழியும் அப்படியே குறுகல். மயிலாப்பூர், அடையாறு கடலோரம் மணல்பாங்கு, தி.நகர், மாம்பலம் பக்கம் களிமண். அந்தப் பகுதியில் நீளமாக ஒரு ஏரி இருந்தது. 1920-களில் அதை வடித்துத்தான் தியாகராய நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது, ஏரியைக் காணோம். மழை பெய்தால் ஒரு தெருவில் தண்ணீர் உடனே வடிந்து இன்னொரு தெருவில் நிற்பதற்கு வடிகால், சரிவு என்று பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று இப்போது பிள்ளையின் பாட்டிலுக்குள் இருக்கிறது. வீட்டு மழைநீர் சேகரிப்புத் தொட்டியை அடுத்த முறை சுத்தம் செய்யும்போது அவர்களையும் கூப்பிடுங்க, கேள்வி தானாக வரும்.

மொட்டை மாடி நிழல்

மதியம் நிழல் காலடியில் விழும் என்றுதான் நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். சென்னையில் அது வருடத்துக்கு இரண்டு நாள்தான் முழு உண்மை: ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒன்று. அன்று 12 மணி தாண்டிய சில நிமிடங்களில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். செங்குத்தாக வைத்த பாட்டிலுக்கு வெளியே நிழலே தெரியாது. இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் உச்சிவேளை நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. வாரம் ஒரு நாள் ஒரே இடத்தில் ஒரே பாட்டிலை வைத்து, நிழலின் நுனியில் சாக்பீஸ் கோடு போட்டு, போனில் போட்டோ எடுத்து வையுங்க. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, போன் கேமராவையும் அதன் பக்கம் திருப்ப வேண்டாம். நிழலைப் பார்த்தால் போதும்.

மாடி இல்லாத வீட்டில் பச்சைப்பயறு இருக்கிறது. ஈரத்துணி போட்ட இரண்டு கிண்ணம். ஒன்று ஜன்னலில், ஒன்று அலமாரி இருட்டில். இருட்டில் இருப்பது வளராது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். ஒரு வாரத்தில் பார்த்தால் அதுதான் உயரமாக, வெளிறிப்போய், தொய்ந்து நிற்கும். வெளிச்சம் தேடி முழு பலத்தையும் நீளத்தில் செலவழித்துவிட்டது. தோசை மாவும் அப்படித்தான்: ஒரு பாட்டில் பிரிட்ஜில், ஒன்று வெளியே, மாவு நிற்கும் அளவில் ரப்பர் பேண்டு. பாட்டில் பாதி அளவுக்கு மேல் வேண்டாம், மூடியையும் இறுக்க வேண்டாம். எங்க வீட்டில் ஒருமுறை பொங்கி வழிந்து, அடுப்பு மேடை துடைத்தது நான்தான்.

பல்பு எரிய வைக்க ஆசைப்பட்டால் ரிச்சி தெருவில் 1.5 வோல்ட் செல், டார்ச் பல்பு, ஒயர் சில்லறையில் கிடைக்கும். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் பக்கம் மட்டும் பிள்ளையும் போகக் கூடாது, ஒயரும் போகக் கூடாது.

எங்கே போகலாம், யாரிடம் கேட்கலாம்

கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் பிர்லா கோளரங்கமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கோளரங்கம் 1988-லிருந்து இயங்குகிறது. காட்சி நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கிளம்புங்க. பக்கத்திலேயே 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். அதில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-களிலிருந்து நடத்தும் துளிர் இதழைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடலாம்.

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ படித்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களுக்கு இடம் உண்டு. சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். குடிநீர், கழிப்பறை பற்றிப் பேசும் அதே கூட்டத்தில், "இந்த மாசம் எங்க பிள்ளைங்க கையால என்ன செஞ்சாங்க?" என்றும் கேட்கலாம். குற்றம் கண்டுபிடிக்கிற தொனி வேண்டாம். நாற்பது பேரை வைத்துக்கொண்டு பக்கெட்டும் மண்ணும் கொண்டுவருவது ஒரு டீச்சருக்கு எவ்வளவு வேலை என்று யோசித்துவிட்டுக் கேளுங்க. பாட்டில் வெட்ட, மண் கொண்டுவர இரண்டு பெற்றோர் ஒரு மணி நேரம் வர முடியும் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்க. தனியார் பள்ளி என்றால் இந்தக் கேள்வியைப் பெற்றோர் கூட்டத்தில் வைக்கலாம். பிரிவு 29 அங்கேயும் பொருந்தும். கல்வி தொடர்பான எந்த விவரத்துக்கும் 14417 உதவி எண்ணை அழைக்கலாம்.

அக்கா நேற்று போன் பண்ணினாள். அலமாரியில் துணி எடுக்கப் போனவள் கையில் ஈரமாக என்னவோ பட்டதாம். பச்சைப்பயறு. ஏழாவது நாள், பதினெட்டு சென்டிமீட்டர், ஸ்கேல் வைத்து அளந்து தாளில் எழுதியும் வைத்திருக்கிறாளாம் பொண்ணு. "இதை எப்போ தூக்கிப் போடலாம்னு கேட்டுச் சொல்லு" என்றாள் அக்கா. கேட்டேன். இன்னும் முடியலையாம்.