கரிசல் காட்டிலிருந்து ஹார்வர்டு போக முடியுமா? கட்டணம் முதல் விசா வரை.. முழு விவரம்!

'அமெரிக்கால படிக்கணும்னா கோடிக்கணக்குல பணம் வேணும்' என்பதுதான் நம்ம ஊர் பேச்சு. இது பாதி உண்மைதான். மீதிப் பாதி நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கம் படிக்கும் பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பெரும்பாலும் போய்ச் சேருவதே இல்லை.

மானாவாரியில் பருத்தியும் மிளகாயும் போடும் குடும்பம், கோவில்பட்டி தீப்பெட்டி ஆலைக் கூலியில் ஓடும் குடும்பம் என யாராக இருந்தாலும், நிலத்தை அடமானம் வைத்து ஏஜென்ட்டிடம் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படிச்சிடுங்க. இங்கே சொல்வது இளநிலைப் படிப்புக்கு மட்டும். முதுகலைக்கு விதிகள் வேறு.

கட்டணம் எவ்வளவு?

ஹார்வர்டில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். நம்ம பணத்தில் சுமார் 70 லட்சம் ரூபாய்!

ஆனால் எல்லாரும் இதைக் கட்டுவதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குள் இருந்து, பெரிய சொத்தும் இல்லை என்றால், படிப்பு, தங்குமிடம், சாப்பாடு என எதற்கும் பெற்றோர் பணம் கட்ட வேண்டாம் என்று 2025-ல் ஹார்வர்டு அறிவித்தது. எம்.ஐ.டி.யிலும் கிட்டத்தட்ட இதே விதிதான். வெளிநாட்டு மாணவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு லட்சம் டாலர் என்பது 85 லட்சம் ரூபாய்க்கு மேல். நம்ம பக்கம் பெரும்பாலான குடும்பங்கள் இந்த வரம்புக்குள் வந்துவிடும்.

'நீட் பிளைண்ட்' என்றால் என்ன?

மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. உங்களால் பணம் கட்ட முடியுமா என்பதைப் பார்க்காமலேயே இடம் தருவதா, வேண்டாமா என முடிவெடுக்கும் முறைக்குத்தான் இந்தப் பெயர்.

வெளிநாட்டு மாணவர்களுக்கும் இந்த முறையைக் கடைப்பிடிக்கும் இடங்கள் மிகக் குறைவு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மவுத், பிரவுன், ஆம்ஹெர்ஸ்ட், பௌடன் உள்ளிட்ட சில மட்டுமே.

ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா போன்றவை வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. ஆனால் உதவி கேட்கிறீர்களா என்பதும் சேர்க்கை முடிவில் கணக்கில் வரும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'இப்போ உதவி வேணாம்னு போட்டுடு, சீட் கிடைச்சதும் கேட்டுக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர், பிறகு கேட்க முடியாது என்பது பல கல்லூரிகளில் விதி. சீட் கையில் இருக்கும், சேரப் பணம் இருக்காது.

வாய்ப்பு எவ்வளவு?

2024-ல் சேர்ந்த பிரிவுக்கு ஹார்வர்டில் விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர். இடம் கிடைத்தது 100-ல் 4 பேருக்கும் குறைவாக. அதனால் இதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது.

பெரிய பெயர் மட்டும்தான் வழி என்றும் இல்லை. பீகார் தலைநகர் பாட்னா அருகே கோன்புரா கிராமத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளியின் மகன் பிரேம் குமார், 2022-ல் பென்சில்வேனியாவின் லாஃபயெட் கல்லூரியில் சுமார் இரண்டரை கோடி ரூபாய் மதிப்புள்ள முழு உதவித்தொகையோடு இடம் பிடித்தார். நம்ம ஊரில் அதிகம் பேர் கேள்விப்படாத கல்லூரி அது!

எப்போது, என்னென்ன வேணும்?

பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் 'காமன் ஆப்' தளம் ஆகஸ்ட் 1-ல் திறக்கும். எம்.ஐ.டி.க்குத் தனி விண்ணப்பம். முன்கூட்டிய சுற்றுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள். வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம். கரிசலில் விதைப்பும் களையெடுப்பும் நடக்கும் மாதங்கள், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வேற. அதனால் பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது.

* மதிப்பெண்: 9-ம் வகுப்பிலிருந்து எல்லாம் கேட்பார்கள்.
* எஸ்.ஏ.டி. தேர்வு: ஹார்வர்டு, எம்.ஐ.டி. மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன. கான் அகாடமியில் இலவசமாகப் பயிற்சி எடுக்கலாம்.
* பரிந்துரைக் கடிதங்கள்: பாட ஆசிரியர்களிடம் வாங்க வேண்டும். பள்ளியில் ஆலோசகர் இல்லையா? தலைமை ஆசிரியரே அந்த இடத்தில் எழுதலாம்.
* கட்டுரை: அதிகபட்சம் 650 வார்த்தை. உங்கள் வாழ்க்கையை நீங்களே எழுத வேண்டும்.
* செயல்பாடுகள்: பேச்சுப் போட்டிப் பரிசு மட்டும் கணக்கில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, விடுமுறையில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போவது எல்லாமே எழுதலாம். குடும்பப் பொறுப்புக்கும் கூலி வேலைக்கும் படிவத்தில் இடம் உண்டு.

விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் விலக்குக் கேட்கலாம். உதவித்தொகைக்குப் பல கல்லூரிகள் 'சி.எஸ்.எஸ். புரொஃபைல்' படிவம் கேட்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாத குடும்பமா? அதை எழுத்தில் சொல்லி, தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ், வங்கி பாஸ்புக் போன்றவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு கொடுக்கத் தயாராக வைத்திருங்கள்.

ஏஜென்ட் தேவையா?

இல்லவே இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் 'எஜுகேஷன் யு.எஸ்.ஏ.' மையம் சென்னையில் இருக்கிறது. பொதுவான வழிகாட்டுதல் இலவசம்.

'சர்டிபிகேட்டை நாங்க பாத்துக்கிறோம்' என்று யாராவது சொன்னால் உடனே விலகிடுங்க. 2024-ல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் போலி ஆவணங்கள் மூலம் முழு உதவித்தொகை பெற்ற ஓர் இந்திய மாணவர் கைதாகி, படிப்பிலிருந்து நீக்கப்பட்டு, இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்.

சீட் கிடைத்தால் விசா உறுதியா?

உறுதி இல்லை. கல்லூரி தரும் ஐ-20 படிவத்தோடு எஃப்-1 விசாவுக்கு விண்ணப்பித்து, தூதரகத்தில் நேர்காணலுக்குப் போக வேண்டும். விசா கட்டணம் 185 டாலர், செவிஸ் கட்டணம் 350 டாலர். இரண்டும் சேர்ந்து 45 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். 2025 ஜூன் முதல், விண்ணப்பிப்பவர்கள் சமூக வலைதளக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது.

கிடைக்காவிட்டால்?

வழக்கமான சுற்றின் முடிவுகள் மார்ச் கடைசிக்குள் பெரும்பாலும் வந்துவிடும். தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை சூடுபிடிப்பது அதற்குப் பிறகுதான். அதனால் இங்குள்ள எந்த வாய்ப்பையும் விடாமலேயே அங்கேயும் முயற்சி செய்யலாம். கல்லூரிப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு கேள்விகளை எழுதுங்கள். வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகை உண்டா? உதவி கேட்டால் சேர்க்கை பாதிக்குமா? பதில் அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் யாருக்கும் ஒரு ரூபாய்கூட கட்ட வேண்டாம்.